தங்கச்சி ஓவியம் படிக்கணும்ங்கறா... ஒரகடத்து சம்பளத்துல முடியுமா?



எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி வீடியோ போட்டதும் நம்ம சேனலுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. அனுப்பினவர் ஒரகடத்துல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில வேலை பார்க்கிறார். வயசு 25. பிடித்தம் எல்லாம் போக கைக்கு வர்றது 24,000 ரூபாய். வீடு சிங்கப்பெருமாள்கோவில் பக்கம். தங்கச்சி அரசுப் பள்ளில பிளஸ் டூ படிக்கிறா. எக்மோர் கவின் கலைக் கல்லூரில பி.எஃப்.ஏ. சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அப்பா கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?"

மெசேஜோட கடைசி வரி இது: "எனக்கும் அந்த ஆசை இருந்துச்சு ப்ரோ. வீட்டு நிலைமைக்கு டிப்ளமோ சேர்ந்துட்டேன். அவளுக்காவது நடக்கணும்."

இதுக்கு ரெண்டு வரில பதில் அனுப்ப மனசு வரல. உங்கள்ல பல பேர் வீட்டுலயும் இந்தப் பேச்சு ஓடிட்டு இருக்கும். அதனால முழுசா உட்கார்ந்து பார்த்துடுவோம்.

25 வயசுல வேலைய விட்ட ஒருத்தர்

கே.சி.எஸ். பணிக்கர்னு ஒரு ஓவியர். 1911ல கோயம்புத்தூர்ல பிறந்தவர். பதினேழு வயசுலயே மெட்ராஸ்ல கண்காட்சில படம் வைக்கிற அளவுக்குத் திறமை. ஆனா அப்பா இறந்துட்டார், குடும்பத்தைப் பார்க்கணும். படிப்பைப் பாதில நிறுத்திட்டு தந்தி இலாகாவுல வேலைக்குப் போனார். சில வருஷம் சம்பளம் வாங்கி வீட்டைப் பார்த்துக்கிட்டார். அப்புறம் 1936ல, 25 வயசுல, வேலைய விட்டுட்டு எக்மோர் கலைப் பள்ளில மாணவனா சேர்ந்தார். 1957ல அதே இடத்துக்கு முதல்வர் ஆனார்.

நம்ம விஷயத்துக்கு முக்கியமானது இதுக்கு அப்புறம் நடந்தது. அவர்கிட்ட படிச்ச பசங்க திறமையா வரைஞ்சாங்க, ஆனா வெளில வந்ததும் வருமானம் இல்ல. ஓவியம் வாங்க ஆள் இல்ல. உங்க அப்பா கேட்கிற அதே கேள்வி அவர் முன்னாடியும் வந்து நின்னுச்சு.

ஓவியத்தை மட்டும் நம்பி அவர் உட்காரல. மெழுகு வெச்சு துணில சாயம் ஏத்துற பாத்திக் மாதிரி கைவினைப் பொருட்களை எல்லாரும் சேர்ந்து செஞ்சாங்க. அது வித்துச்சு. வந்த பணத்தைச் சேர்த்து, இஞ்சம்பாக்கத்துல கடல் ஓரமா கிட்டத்தட்ட 10 ஏக்கர் நிலம் வாங்கினாங்க. 1966ல உருவான அந்த இடம்தான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அப்போ அது வெறும் மணல்காடு. இன்னிக்கு ஈ.சி.ஆர்.ல ஒரு கிரவுண்டு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்!

கே.எம். ஆதிமூலத்தை எடுத்துக்கோங்க. காந்தியைக் கோட்டோவியமா வரைஞ்சு பேர் வாங்கினவர், எக்மோர்ல படிச்சவர். அவரும் நெசவாளர் சேவை மையத்துல மாச சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான்.

அப்பாவோட கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: ஓவியம் மட்டும் சோறு போடும்னு நம்பி இறங்கினா கஷ்டம். அதுக்குக் கீழ ஒரு தரை வேணும். ஒரு சம்பளம், ஒரு கைத்தொழில், இல்ல ஒரு சேமிப்பு. நல்லா வந்தவங்க வாழ்க்கைய எடுத்துப் பார்த்தா அந்தத் தரை எங்கயாவது இருக்கும். தங்கச்சிக்கு முதல் நாலு வருஷம் அந்தத் தரை நீங்கதான். அது தாங்குமான்னு பார்க்கிறதுதான் நம்ம வேலை.

அது என்ன காலேஜ்?

சாதாரண இடம் இல்லங்க. 1850ல அலெக்சாண்டர் ஹன்ட்டர்னு ஒரு டாக்டர் தன் சொந்த முயற்சில ஆரம்பிச்சது. ரெண்டு வருஷத்துல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. ஆரம்பத்துல இருந்தே கலையும் தொழிலும் சேர்ந்துதான் அங்க இருந்துச்சு. நம்ம காரிடார் ஆளுங்களுக்குப் பிடிச்ச தகவல் ஒண்ணு: ஆல்ஃபிரட் சாட்டர்டன்ங்கிறவர் 1898ல இந்தக் கலைப் பள்ளிக்குள்ளதான் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பிச்சார். நம்ம நாட்டு அலுமினியப் பாத்திரத் தொழிலோட தொடக்கம் அதுதான்.

மெரினால உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீங்க, நாலு பேர் பாறைய நெம்புற சிலை. 1959ல திறந்தாங்க. அதைச் செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி இந்த இடத்துக்கு பல வருஷம் முதல்வரா இருந்தவர். நடிகர் சிவகுமார் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஓவியம் படிச்சதும் இங்கதான்.

இப்போ இங்க நாலு வருஷ டிகிரி. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன், டெக்ஸ்டைல், செராமிக்னு பிரிவுகள் இருக்கு. கும்பகோணத்துலயும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு. மரபுச் சிற்பம், கோயில் கட்டடக்கலைன்னா மாமல்லபுரம் அரசுக் கல்லூரி.

ஒண்ணு கவனிங்க. மார்க் மட்டும் போதாது, வரையத் தெரியுதான்னு தேர்வு வெச்சுதான் எடுப்பாங்க. அதனால இப்பவே தினமும் ஒரு மணி நேரம் பென்சில் ஸ்கெட்ச் போடச் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, தூங்குற தாத்தா, எதுவா இருந்தாலும் நேர்ல பார்த்து வரையட்டும். போன்ல படம் பார்த்துக் காப்பி அடிக்கிறது இதுக்கு உதவாது.

சரி, கணக்குக்கு வருவோம்

அரசுக் கல்லூரிங்கறதால ஃபீஸ் பெரிய பயம் இல்ல. சரியான தொகைய கல்லூரி அறிவிப்புல பாருங்க. ஆனா பல குடும்பம் கோட்டை விடுறது மெட்டீரியல் செலவுல. கலர், பிரஷ், கேன்வாஸ், பேப்பர், களிமண்ணுன்னு மாசா மாசம் வாங்கிட்டே இருக்கணும். பி.காம். மாதிரி ஒரு தடவை புக் வாங்கினா முடிஞ்சுதுன்னு இல்ல.

நான் போட்ட மாதிரிக் கணக்கு இது. உங்க எண்ணை மாத்திப் போட்டுக்கோங்க.

மெட்டீரியல்: 2,000
ட்ரெயின் சீசன் டிக்கெட், சாப்பாடு: 1,500
போன், மத்த செலவு: 1,000
ஃபீஸ், கல்விச் சுற்றுலா, கண்காட்சிக்காக ஒதுக்குறது: 1,500
மொத்தம்: மாசம் 6,000

அரசுப் பள்ளில 6ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும். (தம்பியா இருந்தா தமிழ்ப் புதல்வன் திட்டம்.) அதைக் கழிச்சா உங்க பங்கு 5,000. நாலு வருஷத்துக்கு 2,40,000. சிங்கப்பெருமாள்கோவில்ல இருந்து எக்மோருக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின் இருக்கறதால ஹாஸ்டல் செலவு மிச்சம். திருச்சிலயோ மதுரைலயோ வீடு இருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு கண்டிப்பா ஏறும்.

நம்ம நண்பருக்கு வீட்டுச் செலவு, பைக் இ.எம்.ஐ. சேர்த்து 15,000னு வெச்சுக்குவோம். தங்கச்சிக்கு 5,000. மீதி 4,000. முடியுது. ஆனா இறுக்கமா முடியுது.

இந்தக் கணக்குல ஓ.டி. பணத்தை நான் சேர்க்கவே இல்ல, கவனிச்சீங்களா? காரணம் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஃபேக்டரி ஞாபகம் இருக்கா? 2006ல தொடங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு சோறு போட்டு, 2014 நவம்பரோட உற்பத்திய நிறுத்திட்டாங்க. நம்ம காரிடார்ல ஆர்டர் குறைஞ்சா முதல்ல போறது ஓ.டி., அடுத்து கான்ட்ராக்ட் ஆளுங்க. ஓவியம் ரிஸ்க்குனு சொல்ற நாமளும் ஒரு ரிஸ்க் மேலதான் உட்கார்ந்திருக்கோம்.

அதனால முதல் வேலை, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட். 20,000 பெருக்கல் 6, ஆக 1,20,000. மிச்சமாகிற 4,000த்தை அப்படியே ஆர்.டி.ல போட்டா 30 மாசம் ஆகும். ஓ.டி.யும் தீபாவளி போனஸும் இதுல போய்ச் சேர்ந்தா சீக்கிரமே முடிஞ்சுடும். மூணாவது வருஷம் லேப்டாப் தேவைப்பட்டா, அதுக்கு ஒரு வருஷ போனஸை ஒதுக்குங்க. இ.எம்.ஐ. வேண்டாம்.

லோன் எடுக்கலாமா?

தேவைப்பட்டா மட்டும். எடுத்தா கல்விக் கடனா தங்கச்சி பேர்ல எடுங்க. 4 லட்சம் வரைக்கும் பொதுவா சொத்து அடமானம் கேட்க மாட்டாங்க. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி முதல் நாள்ல இருந்தே ஓடும். மாசா மாசம் வட்டியை மட்டுமாவது கட்டிட்டு வந்தா கடைசில சுமை குறையும்.

இங்க ஒரு பொறி இருக்கு. கல்விக் கடன் வட்டிக்கான வரிக் கழிவு பழைய வரி முறைல மட்டும்தான். அதுவும் உங்களுக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைங்களுக்கு, நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கற மாணவருக்கு எடுத்தா மட்டும்தான். தங்கச்சி, தம்பி அந்தப் பட்டியல்ல இல்ல! "உங்க பேர்ல எடுங்க சார், டாக்ஸ் மிச்சம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பெர்சனல் லோன், ஆப் லோன் பக்கம் தலை வெச்சும் படுக்காதீங்க.

தங்கச்சிகிட்ட பேச வேண்டியது

பணம் கட்டறது நீங்கங்கறதுக்காக "பெயின்டிங் வேண்டாம், டிசைன் எடு"ன்னு கட்டாயப்படுத்தாதீங்க. நாலு வருஷம் பிடிக்காததைப் படிக்கிறதும் நஷ்டக் கணக்குதான். ஆனா ஒரு நிபந்தனை வைக்கலாம். முதல் ரெண்டு வருஷம் முழுக்க படிப்பு. மூணாவது வருஷத்துல இருந்து சம்பாதிக்கிற கை ஒண்ணு இருக்கணும். புத்தக அட்டை, துணி டிசைன், சுவரோவியம், சின்னப் பசங்களுக்கு டிராயிங் கிளாஸ், எது வேணா இருக்கட்டும். சோழமண்டலத்துக்காரங்களுக்கு பாத்திக் இருந்த மாதிரி. அந்தப் பணம் எவ்வளவுன்னு முக்கியம் இல்ல. தன் வேலைக்கு விலை சொல்லப் பழகிக்கணும்.

கடைசியா, உங்களுக்கு

"எனக்கும் ஆசை இருந்துச்சு"ன்னு எழுதினீங்களே, அதை அப்படியே விட்டுட முடியல. இப்போ வேலைய விட்டு நாலு வருஷம் படிச்சா, போற சம்பளம் மட்டும் 11,52,000 ரூபாய். பி.எஃப்., இன்க்ரிமென்ட் தனி. தங்கச்சியும் படிக்கும்போது ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இறங்கினா வீட்டுக்குத் தரையே இருக்காது. அதனால இப்போ வேண்டாம்.

ஆனா "எப்பவும் வேண்டாம்"னு நான் சொல்லல. மாசம் 500 ரூபாய் உங்களுக்குனு எடுத்து வைங்க. ஒரு ஸ்கெட்ச் புக் வாங்குங்க. வீக்லி ஆஃப்ல வரைங்க. தங்கச்சி முடிக்கும்போது உங்களுக்கு 29, 30 வயசு. அப்போ ஃபண்ட் இருக்கும், அவளும் சம்பாதிக்க ஆரம்பிச்சிருப்பா. தரை போடுற முறை உங்களோடதா இருக்கலாம். டிகிரில சேர வயசு வரம்பு இருந்தா, பகுதி நேர வகுப்பு இருக்கு. வழி ஒண்ணு மட்டும் இல்ல.

இந்த வாரம் மூணு வேலை பண்ணுங்க. கல்லூரிக்கு நேர்ல போய் ஃபீஸ், தேர்வு விவரம் கேளுங்க. ஆர்.டி. ஓப்பன் பண்ணுங்க. வர்ற லீவு நாள்ல அப்பாவையும் தங்கச்சியையும் கூட்டிட்டு இஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்குப் போங்க. அங்க அருங்காட்சியகம் இருக்கு, ஓவியருங்க வீடுகளும் இருக்கு. அப்பாகிட்ட நீங்க எதுவும் விளக்க வேண்டாம். படம் வரையறவங்க பாத்திக் வித்து வாங்கின நிலம் இதுன்னு மட்டும் சொல்லுங்க. மீதியை அவரே சுத்திப் பார்த்துக்கட்டும்.