உப்புத் தண்ணீரில் மிதந்த முட்டை

1981 ஆகஸ்ட். சம்பா நாற்றங்காலுக்கு ஊரே சேறடித்துக்கொண்டிருந்த வாரம். எங்கள் அக்ரி சார் ஒரு வாளித் தண்ணீரையும் கல் உப்பையும் ஒரு கோழிமுட்டையையும் வகுப்பு வாசலில் கொண்டுவந்து வைத்தார். தண்ணீரில் போட்ட முட்டை அடியில் கிடந்தது. உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க மெல்ல எழும்பி, 25 பைசா அகலத்துக்கு ஓடு வெளியே தெரிய மிதந்து நின்றது. “போதும்டா, இப்ப நெல்லைக் கொட்டு” என்றார். பதரும் அரைநெல்லும் மேலே வந்தன. முற்றிய விதை அடியில் தங்கியது. மிதந்ததை வழித்துப் போட்டுவிட்டு, தங்கியதை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசச் சொன்னார். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெட்டுவிடும்.

பிளஸ் ஒன்னில் நான் கற்ற முதல் செய்முறை அது. அந்த வாரமே வீட்டில் செய்து காட்டினேன். அப்பா வாய்பேசாமல் நின்று பார்த்தார். இருட்டிவிட்ட அவசரத்தில் ஒரே அலசோடு சாக்கில் கட்டி வைத்துவிட்டேன். பிரித்துப் பார்த்தபோது பாதி விதை முளை விடவே இல்லை. அப்பா திட்டவில்லை. அடுத்த தெருவில் நாற்றுக் கேட்டு வாங்கி நட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கிராமத்துப் பள்ளிகளில் விவசாயம் சொல்லித்தர வேண்டும் என்பது பழைய பேச்சு. ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953-லேயே அதை அழுத்திச் சொன்னது. தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதுதான் தொழிற்கல்விப் பிரிவு எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்த்தது. அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான மேல்நிலைக் கல்வியை மறுபரிசீலனை செய்த குழுவுக்குத் தலைவர் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா. செய்து கற்பது என்பதையே தன் அறிக்கைக்குப் பெயராக வைத்தார் அவர்.

ஊரில் அதற்கு வேறு பெயர் இருந்தது. மார்க் குறைந்தவன் குரூப். கணக்கு, அறிவியல் பிரிவுகள் நிரம்பிய பிறகு மிஞ்சியவர்களை உட்காரவைக்கும் இடம். “மாடு மேய்க்கிறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?” என்று மாமா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. நாங்களும் கூசினோம். கும்பகோணம் பஸ்ஸில் வேறு பள்ளிப் பையன்கள் குரூப் என்னவென்று கேட்டால், ஏதோ சொல்லி மழுப்புவோம். வகுப்பில் ஒரு பெண்கூட இல்லை.

ஆனால் நிலம் இருந்தது. பள்ளிக்குப் பின்னால் இரண்டு மா. ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு. அதில் அண்டை வெட்டினோம், நாற்றுப் பறித்து முடி கட்டினோம், தக்கைப்பூண்டை மடக்கி மிதித்தோம். எலுமிச்சையில் பதியன் போட்டோம். மண் மாதிரி எடுக்க ‘வி’ வடிவில் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை ஓரத்தைச் சீவி எடுத்து, பல இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவுக்குக் கொண்டுவருவோம். பகுதிநேரச் சம்பளத்தில் இருந்த சார் சைக்கிளில் வருவார். வேட்டியை மடித்துக்கட்டி எங்களோடு சேற்றில் இறங்குவார்.

பாடம் ஹெக்டேரில் இருந்தது, வீடு மாக்கணக்கில் இருந்தது. ஐ.ஆர். 20-க்கு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து என்று எழுதிப்போட்டால், யூரியாவில் 46 விழுக்காடுதான் தழைச்சத்து, ஆக 217 கிலோ யூரியா என்று கணக்குப் போடுவோம். வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்பார், “மாவுக்கு எவ்வளவுடா?” மறுபடி வகுத்து, 29 கிலோ சொச்சம் என்பேன். அந்த ஒரு வகுத்தலில்தான் நான் படிக்கிறேன் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. பள்ளிக்கும் வயலுக்கும் நடுவே அன்று இருந்த பாலம் அவ்வளவுதான். அதன் மேல் அறிவு ஒரு திசையில் மட்டுமே நடந்தது. வரப்பில் எந்தச் செடி எதற்கு ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். அதை யாரும் கேட்டு எழுதவில்லை. கதிர் நாவாய்ப்பூச்சிக்கு பி.எச்.சி. தூளை வெறுங்கையால் தூவினோம். உறை போட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. 1997-ல் அந்த மருந்தே இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அந்த நெடி இன்றும் மூக்கில் நிற்கிறது.

இப்போது என் தம்பி மகள் அதே பிரிவில் பிளஸ் டூ படிக்கிறாள், வேறொரு பள்ளியில். வகுப்பில் பாதிக்குமேல் பெண்கள். யார் கேட்டாலும் “அக்ரி குரூப்” என்று தலைநிமிர்ந்து சொல்கிறாள். வேளாண் பல்கலைக்கழகத்தில் தொழிற்கல்வி மாணவர்களுக்கென்று இருக்கும் ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. இடம் பிடிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. 2018-க்குப் பிறகு வந்த புதிய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் காலத்து அச்சுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! வண்ணப்படம், கியூஆர் கோடு. இயற்கை வேளாண்மையைப் பாடமாக எழுதிப் படிக்கிறாள். நம்மாழ்வாரும் ‘நெல்’ ஜெயராமனும் ஊர் ஊராக அலைந்து பேசியதெல்லாம் பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தால் என் அம்மாவிடம் உட்கார்ந்து, “அப்பாயி, அப்பல்லாம் என்ன நெல்லு போட்டீங்க?” என்று கேட்டு எழுதுகிறாள். மாப்பிள்ளைச் சம்பா, குள்ளக்கார் என்று அம்மா சொல்லச் சொல்ல அவள் நோட்டு நிறைகிறது. எண்பதைத் தாண்டிய அம்மாவிடம் பள்ளிக்கூடம் பாடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

நிலம்தான் இல்லை. அவள் பள்ளியில் தோட்டம் இருந்த இடத்தில் வகுப்பறைக் கட்டடம் எழும்பிவிட்டது. மிச்சம் இருப்பது சுவரோரம் நாலு பாத்தி, கொஞ்சம் கீரை, ஒரு முருங்கை. எங்கள் வீட்டு நிலமும் குத்தகைக்குப் போய்விட்டது. அவள் சேற்றில் கால் வைத்ததில்லை. டிரோன் மருந்து தெளிக்கும் வீடியோவைப் பார்த்திருக்கிறாள், மண்வெட்டி பிடித்ததில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கட்டடம் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து நனைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ரசாயன ஆய்வகம் இல்லாமல் வேதியியல் பிரிவு நடத்தக் கூசுகிறவர்கள், ஒரு மா நிலம்கூட இல்லாமல் வேளாண்மைப் பிரிவை எப்படி நடத்துகிறார்கள்? ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடாமல் பிரிவையே மூடிவிட்ட பள்ளிகளும் உண்டு. கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்கள். பெற்றோர்களில் பாதிப்பேர் இன்னும் என் மாமாவின் கேள்வியிலேயே நிற்கிறார்கள்.

போன மாதம் அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்தேன். ‘உப்புக் கரைசலில் விதைத் தேர்வு’ என்று தலைப்பு. வாளி, முட்டை, மிதக்கும் பதர் எல்லாம் அழகாக வரைந்து, ஆசிரியர் கையெழுத்தும் வாங்கியிருந்தாள்.

“செஞ்சு பாத்தீங்களா?”

“இல்ல பெரியப்பா. போர்டுல வரைஞ்சு காட்டுனாங்க.”

குத்தகைக்காரரிடம் இரண்டு படி விதைநெல் வாங்கிவந்தேன். முற்றத்தில் வாளி வைத்தோம். முட்டை எழும்பியதும் கையைத் தட்டினாள். அவளே பதரை வழித்தாள். அடிநெல்லை வடித்து ஒருமுறை அலசிவிட்டு, கட்டுவதற்குச் சாக்கை எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“இன்னும் ரெண்டு தடவை அலசுடி. உங்க பெரியப்பன் ஒரு தடவை இப்படித்தான் கட்டி வச்சான்.”