வயது தடையல்ல, ஒரு பிரிவு மட்டுமே

"இந்த வயதில் இனி என்ன விளையாட்டு?" ஆசிரியர் அறையில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆசிரியர் கலாசாலையிலும் உடற்கல்வியை மாணவருக்குரிய பாடமாகவே படித்தோம். ஆனால் வளர்ந்தவர்களுக்கென்றே உலக மட்டத்தில் நீச்சல் போட்டி நடக்கிறது.

உலக மாஸ்டர்ஸ் போட்டி 1986இல் டோக்கியோவில் ஆரம்பமானது. நீச்சலில் 25 வயது முதல் பங்குபற்றலாம். 25–29, 30–34 என ஐந்தைந்து வருடங்களாகப் பிரிவுகள் உள்ளன. ஆகவே 62 வயதுக்காரர் இளைஞரோடு மோத வேண்டியதில்லை. 60–64 பிரிவில் நீந்துவார். தேசிய அணியில் இடம்பெறவும் தேவையில்லை. கழகத்தின் பெயரிலேயே நீந்தலாம். அஞ்சல் நீச்சலில் நால்வரின் வயதையும் கூட்டியே பிரிவைத் தீர்மானிக்கிறார்கள்.

ஜப்பானியப் பெண்மணி மியெக்கோ நாகஓக்கா, முழங்கால் உபாதையைத் தொடர்ந்து எண்பது வயதளவில் நீந்தத் தொடங்கியவர். 2015இல், 100ஆவது வயதில், 1500 மீற்றரைச் சுமார் ஒன்றேகால் மணித்தியாலத்தில் நீந்தி முடித்தார்.

நாம் கடல் சூழ்ந்த தீவில் வாழ்கிறோம். நமக்குப் பதக்கம் முக்கியமல்ல. நீரில் மூழ்காமல் தம்மைக் காத்துக்கொள்ளவாவது பெரியவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கி, நல்ல பயிற்றுவிப்பாளருடன் நம் ஊர்களில் ஒரு வகுப்பை ஆரம்பித்தால் என்ன?