எண்ணெய்க்கு விடும் இடம்

பழைய லாரி எஞ்சினை இறக்கிப் பிரித்தால் இரண்டு வகைப் பேரிங் கைக்கு வரும். முதலாவது பால் பேரிங். அதன் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணிலேயே அளவு இருக்கிறது. 6205 என்று இருந்தால், கடைசி இரண்டு இலக்கமான 05-ஐ ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 25 மில்லிமீட்டர். 04-இலிருந்து மேலே இந்தக் கணக்கு செல்லும். 00, 01, 02, 03 ஆகிய நான்குக்கு மட்டும் முறையே 10, 12, 15, 17 மில்லிமீட்டர். எந்த நாட்டில், எந்த நிறுவனம் செய்தாலும் இந்த எண்ணுக்கு இதே அளவுதான்.

இரண்டாவது வகை, கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்கும், பிஸ்டனை அதனோடு இணைக்கும் கன்ராடின் பேரிங்கும். இவற்றில் குண்டுகள் கிடையாது. எஃகில் வளைத்த இரண்டு அரைவட்டத் தகடுகள். உட்புறம் செம்பும் ஈயமும், அல்லது அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய படலம். முதுகில் ‘ஸ்டாண்டர்டு’ என்றோ, 010, 020 என்றோ, 0.25, 0.50 என்றோ பொறித்திருக்கும். தேய்ந்த ஷாஃப்டை இதுவரை எவ்வளவு கடைந்து குறைத்திருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்கிறது. ஷாஃப்ட் மெலிய மெலிய, தகடு தடிக்க வேண்டும். 0.50 அளவுத் தகடு ஒவ்வொன்றும் புதிய எஞ்சினின் தகட்டைவிட 0.25 மில்லிமீட்டர் தடிமன் கூடியது. மீதிப் பாதியை எதிர்த்தகடு ஈடுகட்டும்.

பிஸ்டனை ஒவ்வொரு வெடிப்பும் பல டன் விசையோடு கீழே தள்ள, அதை இந்த மெல்லிய தகடு எப்படித் தாங்குகிறது? விடை 1883-இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கிடைத்தது. ரயில் அச்சின் பேரிங்கை ஆராய்ந்த பீச்சம் டவர், எண்ணெய் ஊற்றுவதற்காக அதன் மேற்புறத்தில் துளையிட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதுவும் வந்தது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக் குறுகலான இடைவெளிக்குள் திணிக்கிறது; அங்கே எழும் அழுத்தமே சுமையைத் தூக்கி நிறுத்துகிறது. இதற்கான சமன்பாட்டை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். ஓடும் எஞ்சினில் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதில்லை. சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெயின் மேல் மிதக்கிறது.

சுழற்சி வேகம் கூடினால் அந்தப் படலம் தடிக்கும். சுமை கூடினால் மெலியும். சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகும் லாரி, காரவள்ளியைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். உயர்ந்த கியரிலேயே எஞ்சினைத் திணறவிட்டால், மெதுவான சுழற்சியும் முழுச் சுமையும் ஒன்றாகச் சேர்ந்து படலத்தை நசுக்கிவிடும். நல்ல ஓட்டுநர் வளைவு வருமுன் கியரைக் குறைக்கும்போது எஞ்சினின் இழுவையோடு பேரிங்கையும் காப்பாற்றுகிறார்.

ஆகவே பேரிங் அளவு பார்ப்பது என்றால் எண்ணெய்க்கான இடைவெளியை அளப்பதுதான். ஷாஃப்ட் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு: 70 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு 0.07, ஒரு தலைமுடியின் பருமன். துல்லியமான எல்லையை அந்தந்த எஞ்சினின் கையேடு தரும். ஷாஃப்டை அளக்கும் மைக்ரோமீட்டரின் உருளை ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகர்கிறது. அதன் விளிம்பில் 50 கோடுகள். ஒரு கோட்டுக்கு 0.01. ஒரே இடத்தில் அளந்தால் போதாது. ஷாஃப்ட் வட்டம் கெட்டு நீள்வட்டமாகவும், ஒரு முனை மெலிந்தும் தேயும். இரு முனைகளிலும், ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளிலும் அளக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கழற்றிய தகட்டின் முதுகில் 0.50. அப்படியானால் 70.00-ஆகப் பிறந்த ஷாஃப்ட் 69.50-க்குக் கடையப்பட்டது. இப்போது ஒரு திசையில் 69.48, குறுக்கே 69.42. 0.06 அளவுக்கு வட்டம் கெட்டிருக்கிறது. பழைய எண்ணைப் பார்த்து அதே தகட்டை வாங்கிப் போட்டால் ஒரு பக்கம் எண்ணெய் ஒழுகி, அழுத்தம் விழும். ஷாஃப்டை 69.25-க்குக் கிரைண்டிங் செய்து, 0.75 தகடு போடுவதே வழி. கடையும்போது ஓரத்து வளைவை அப்படியே காக்க வேண்டும். அது கூர்மையானால் ஷாஃப்ட் அங்கேதான் முறியும்.

நம் ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டுடன் சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது; அதன் தொடக்ககால எஞ்சின்கள் அங்குலக் கணக்கில் வந்தவை. டாடா 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் கைகோத்துக் கொண்டுவந்த எஞ்சின்கள் மில்லிமீட்டர் கணக்கு. 010 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, அதாவது 0.254 மில்லிமீட்டர், 0.25-க்கு மிக அருகில். ஆனால் 040 என்பது 1.016. அதை 1.00 என்று எண்ணினால் 0.016 பிசகும். 0.07 இடைவெளியில் அது ஏறக்குறைய கால் பங்கு.

லாரி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எஞ்சின் வேலை முடிந்ததும் மெயின் அளவு என்ன, கன்ராடு அளவு என்ன, அங்குலமா மில்லிமீட்டரா என்று மெக்கானிக்கிடம் கேட்டு, வண்டியின் காகிதங்களோடு எழுதி வையுங்கள். அடுத்து எஞ்சினைப் பிரிப்பவர் அப்போதும் அளந்தே ஆக வேண்டும். ஆனால் தன் அளவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் ஓர் எண் இருக்கும்.