டெட் லெட்டர்

புத்தகத்தில் இருந்து நடைமுறையில் இல்லாத சட்டத்தை ஆங்கிலத்தில் 'டெட் லெட்டர்' என்பார்கள். நம் வக்கீல்களுக்கும் சட்டசபை அங்கத்தினர்களுக்கும் மிகவும் பிடித்த சொற்றொடர் இது. செத்த எழுத்து என்று தமிழாக்கலாம். ஆனால் இச்சொல்லில் ஒரு சூது இருக்கிறது. ஏதோ காலகதியில் சட்டம் தானே செத்தது போலவும், அதற்கு ஒருவரும் பொறுப்பில்லை போலவும் ஒரு மயக்கத்தை அது உண்டாக்குகிறது.

ஹர் பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தை மணத் தடைச் சட்டத்துக்கு இப்பெயர் வெகு சீக்கிரத்தில் கிடைத்தது. 1929-ல் நிறைவேறிய அச்சட்டம், 1930 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வயது விதித்தது. இடையிலிருந்த மாதங்களில் நாடெங்கும் அவசரக் கலியாணங்கள் நடந்தன. பிறகும் குழந்தை மணம் நிற்கவில்லை.

நிற்காததில் ஆச்சரியம் என்ன? இக்குற்றத்தில் போலீஸார் தாமாகத் தலையிட முடியாது. யாரேனும் ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் பிராது கொடுக்க வேண்டும். பிராது பொய்யென்று முடிந்தால் நஷ்டஈடு கொடுப்பதற்காக, அவர் 100 ரூபாய் வரை ஜாமீன் எழுதித் தர வேண்டும். மணமாகி ஓராண்டு சென்றால் வழக்கே இல்லை. மணத்தை முன்கூட்டித் தடுக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு 1938-ல்தான் வந்தது. குற்றம் ருசுவானாலும் மணம் செல்லுபடியாகும்! அண்டை வீட்டுப் பந்தலில் சாப்பிட்டுவிட்டு, ஜாமீனும் எழுதிக்கொடுத்து, அவ்வீட்டார்மீது பிராது கொடுக்க எவன் முன்வருவான்?

தபாலாபீஸிலும் 'டெட் லெட்டர்' உண்டு. உரியவரிடம் சேர்ப்பிக்க இயலாத கடிதத்துக்கு அங்கே அப்பெயர். எவரும் காகிதத்தைப் பழிப்பதில்லை; மேல்விலாசத்தைத்தான் பார்க்கிறார்கள். சாரதா சட்டத்தில் மேல்விலாசமே எழுதப்படவில்லை. அதை நிறைவேற்றுவது இன்னாருடைய கடமை என்று ஓர் உத்தியோகஸ்தரையும் அது குறிப்பிடவில்லை. சீர்திருத்தக்காரருக்குச் சட்டமும் வைதிகருக்கு அபயமும் ஒரே கையால் வழங்கிய சர்க்காரின் சாமர்த்தியம் அது என்பதே நம் அபிப்பிராயம்.

1978-ல் வயது 18, 21 என உயர்ந்தது. போலீஸ் விசாரணைக்கும் வழி பிறந்தது. குழந்தை மணத் தடை அதிகாரி என ஒருவரை நியமிக்க வேண்டுமென்ற விதி 2006-ம் வருஷத்துச் சட்டத்தில்தான் ஏறிற்று. மேல்விலாசம் எழுத 77 ஆண்டுகள்! அதன் பின்னரும் பல இடங்களில் வேறு வேலையில் மூழ்கிக் கிடந்த உத்தியோகஸ்தர் தலையிலேயே இதையும் கட்டினார்கள். இப்பதவிக்கெனத் தனியே ஆள் வேண்டுமென்று 2024-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட நேர்ந்தது.