முதலில் எது? சாயமா, நேராக்கலா?

எருத்தேன்பதி: கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்றால் எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களும் இன்று அழகு நிலையம் தேடுகிறார்கள். நரைக்குச் சாயம், சுருளுக்கு நேராக்கும் கிரீம். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க அவசரம். ஆபத்து அங்கேதான்!

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதிலுள்ள கந்தகப் பிணைப்புகளை உடைத்துத்தான் கிரீம் சுருளை நிமிர்த்துகிறது. நிரந்தரச் சாயத்தோடு கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் முடியைப் பலவீனமாக்கும். இரண்டும் சேர்ந்தால் முடி கொத்துக் கொத்தாக ஒடியலாம்.

ஆகவே முதலில் நேராக்கல். குறைந்தது 2 வாரம் கழித்தே சாயம். ஏற்கெனவே சாயம் பூசியவர்கள் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடையில் வாங்கும் கறுப்பு மருதாணிப் பொடியிலும் பெரும்பாலும் ரசாயனச் சாயம் உண்டு. கிரீமை ஒரு சிறு கற்றையில் தடவிப் பார்ப்பதும், சாயத்தை 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் தடவிச் சோதிப்பதும் அவசியம்.

ஒரு மாதம் முன்பே தொடங்கினால், மணநாளில் பூச்சூட முடி இருக்கும்!