சட்டமும் அறமும்: நாடற்றவர் வழக்குகள் தரும் பாடம்

சட்டப்படி நடப்பதெல்லாம் நியாயமாகுமா? செவன் ஹில்சிலும் அயலிலுள்ள துங்காபியிலும் வாழும் எம்மவருக்கு இக்கேள்வி புதிதன்று. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததும் இலங்கைப் பாராளுமன்றம் முறைப்படி நிறைவேற்றிய சட்டமே.

இதே கேள்வியை 1958இல் இரு சட்ட அறிஞர்கள் விவாதித்தனர். முறைப்படி இயற்றப்பட்டது கொடியதாயினும் சட்டமே. அதற்குப் பணிவதா என்பது வேறு வினா என்றார் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ஹார்ட். சட்டத்துக்கென உள்ளார்ந்த அறமொன்று உண்டு. அதனை அடியோடு இழந்தது சட்டமெனும் பெயருக்கு உரியதன்று என்றார் ஹார்வார்ட் பேராசிரியர் ஃபுல்லர்.

அவுஸ்திரேலியாவில் இவ்வினா மனித வாழ்வையே தீர்மானித்தது. குவைத்தில் பிறந்த நாடற்ற பாலஸ்தீனர் ஒருவரின் புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தம்மை வெளியேற்றுமாறு அவரே கேட்டும், ஏற்க ஒரு நாடும் முன்வரவில்லை. அவரைக் காலவரையறையின்றித் தடுத்து வைக்கலாம் என 2004 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. அவர் நிலை துயரமானது என ஒப்புக்கொண்ட நீதியரசர் மக்ஹியூ, பாராளுமன்றம் வகுத்த வழி நீதியானதா என அளப்பது நீதிமன்றின் பணியன்று என்றார். 2012இல், அகதியென ஏற்கப்பட்டும் தடுப்பிலிருந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கிலும் அந்நிலைப்பாடு மாற்றப்படவில்லை.

2023 நவம்பர் 8ஆம் திகதி அது வீழ்ந்தது. வெளியேற்றும் வாய்ப்பு கண்ணுக்கெட்டிய காலத்தில் இல்லாதபோது தடுப்புக்காவல் தண்டனையாகிறது. தண்டிக்கும் அதிகாரமோ அரசியலமைப்பின்படி நீதிமன்றுக்கே உரியது என்பதே முடிவு. வழக்காளி, சிறுவர் மீதான பாலியற் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை அனுபவித்த நாடற்ற ரோஹிங்யர். அவர்மீது இரக்கங்கொள்வோர் அரிது. எனினும் வென்றார். ஏனெனில் நீதிமன்று அவரது தகுதியை எடைபோடவில்லை. அரசின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்றே பார்த்தது.

இவ்வெல்லைக்கும் எல்லையுண்டு. வெளியேற்றத்துக்கு ஒத்துழைக்க மறுப்போரைத் தொடர்ந்து தடுத்து வைக்கலாம் என அதே நீதிமன்று 2024 மே மாதம் தீர்ப்பளித்தது.

ஆதலின் நாம் கொள்ளவேண்டிய பாடம் தெளிவானது. கருணையை வேண்டி நிற்பது மட்டும் போதாது. கருணை ஆளுக்காள் மாறும். எம்மைத் தடுத்து வைக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது, எங்கே முடிகிறது என்று கேட்கவும் நாம் பழகவேண்டும். அறம் நீதிமன்றினுள் நுழைந்தது அந்தக் கேள்வியின் வழியேதான்; அதற்கும் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.