ரோஜா நிறத்தில் ஒரு குளிர்

தீபாவளிப் பட்டாசுக் குப்பையைப் பெருக்கித் தள்ளிய கையோடு வட இந்தியாவில் ஒரு சொல் நடமாட ஆரம்பிக்கும். பெட்டியிலிருந்து ஸ்வெட்டர் வெளியே வருவதற்கு முன்பே அது வந்துவிடும். 'குலாபி ஜாடா'. ரோஜா நிறக் குளிர்.

விடியற்காலையில் மின்விசிறியை நிறுத்த வைக்கும் குளிர் இது. ஒன்பது மணி வெயிலை இதமாக்கும். ஒரு மெல்லிய சால்வைக்கு மேல் எதையும் கேட்காது. கடுங்குளிர் விடைபெற்ற பிறகு, ஹோலிக்கு முன்னால், இன்னொரு முறையும் எட்டிப் பார்க்கும். வானிலை அறிக்கையில் இந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஆனால் லக்னோவின் டீக்கடைகளிலும் இந்திப் பத்திரிகைத் தலைப்புகளிலும் ஆண்டு தவறாமல் ஆஜராகும். 'ஜாடா' என்ற இடத்தில் 'டண்ட்' என்றோ 'சர்தி' என்றோ மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. குலாபி மட்டும் மாறாது.

குளிருக்கு எதற்கு ரோஜா நிறம்? கன்னம் சிவக்கிறதே, அதனால்தான் என்று பலரும் சொல்வார்கள். அழகான விளக்கம். ஆனால் கன்னம் சிவப்பது கடுங்குளிரில்தானே. இந்தி அகராதியைப் புரட்டினால் விஷயம் வேறு. 'குலாபி' என்றால் ரோஜா நிறம் என்பதோடு, 'லேசான', 'கொஞ்சமான' என்றும் பொருள். 'குலாபி நஷா' என்று ஒரு பிரயோகம் உண்டு. தள்ளாடாத அளவுக்கு, லேசாக ஏறிய போதை. சிவப்பை நீர்க்க வைத்தால் ரோஜா நிறம். குளிரை நீர்க்க வைத்தால் குலாபி ஜாடா. கன்னத்தை விட இதுதான் நம்பும்படி இருக்கிறது.

'குலாப்' என்பதற்குள்ளேயே நீர் இருக்கிறது. பாரசீகத்தில் 'குல்' என்றால் பூ, 'ஆப்' என்றால் தண்ணீர். நாம் பன்னீர் என்று சொல்லும் சமாசாரம். குலாப் ஜாமூனுக்குப் பெயர் கொடுத்ததும் பாகில் விடும் இந்தப் பன்னீர்தான். 'ஜாடா'வின் பூர்வீகம் இவ்வளவு மணமானதல்ல. சம்ஸ்கிருத 'ஜாட்ய'த்திலிருந்து வந்தது. அதாவது ஜடத்தன்மை, விறைப்பு. 'ஜடம் மாதிரி நிற்காதே' என்று நாம் திட்டும்போது வருகிற அதே ஜடம். 'டண்டா'வையும் 'ஸ்தப்த' என்ற சொல்லிலிருந்து வருவிக்கிறார்கள். ஸ்தம்பித்துப் போவது. ஆக, அன்றாடம் புழங்கும் இந்தச் சொற்களின் அடியில் விறைத்துப்போன ஓர் உடம்பு கிடக்கிறது. குலாபி என்ற அடைமொழி அதன் மேல் போர்த்திய சால்வை.

அந்தச் சால்வை டிசம்பர் வரைதான் தாங்கும். பிறகு 'சில்லா ஜாடா'. மார்கழியின் கடைசி 15 நாள், தையின் முதல் 25 நாள், மொத்தம் 40 என்பது உத்தரப் பிரதேச கிராமத்துக் கணக்கு. 'சில்லா' என்பதும் பாரசீகத்தின் நாற்பதுதான். காஷ்மீரில் டிசம்பர் 21ல் தொடங்கும் 'சில்லை கலான்' இதன் பெரிய அண்ணன். ஏரி உறையும், குழாயில் தண்ணீர் உறையும்.

இந்தக் குளிரில் என்ன நடக்கும் என்பதற்கு பிரேம்சந்தின் 'பூஸ் கி ராத்' கதையே போதும். கம்பளி வாங்கச் சேர்த்த மூன்று ரூபாயைக் கடன்காரனிடம் கொடுத்துவிட்டு, நாயைக் கட்டிக்கொண்டு வயலில் காவல் கிடக்கிறான் ஹல்கு. நீலப்பசுக்கள் பயிரை மேய்வது காதில் விழுகிறது. எழுந்திருக்க முடியவில்லை. பயிர் அழிந்தபின் அவனுக்குக் கிடைக்கும் ஆறுதல், இனி இரவில் இங்கே படுக்க வேண்டாம் என்பதுதான்.

வானிலைத் துறைக்கு எண்கள் போதும். சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கோ அதற்குக் கீழேயோ இறங்கி, வழக்கத்தை விட 4.5 டிகிரியாவது குறைந்தால் 'குளிர் அலை'. 4 டிகிரியைத் தொட்டுவிட்டால் வழக்கத்தோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. தில்லி நடைபாதையில் படுப்பவருக்கு இது வேறு கணக்கு. இரவுத் தங்குமிடங்களை ஏற்படுத்தும்படி 2010ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. 'ரைன் பசேரா' என்ற அந்தக் கூடங்கள் இப்போது நகரெங்கும் இருக்கின்றன. அங்கே குலாபி ஜாடா என்று சொன்னால் சிரிப்பார்களோ என்னவோ.

இப்போது ஆபத்து அந்தச் சொல்லுக்கே. அதற்கென்று இருப்பது குளிர்காலத்தின் இரண்டு ஓரங்கள். 2024 அக்டோபர், 1901க்குப் பிறகு நாடு கண்ட மிக வெப்பமான அக்டோபர் என்று வானிலைத் துறை அறிவித்தது. அதே குளிர்காலத்தின் மறுமுனையான 2025 பிப்ரவரியும் அப்படியே, 1901க்குப் பிறகு மிக வெப்பமான பிப்ரவரி.  ஓரங்கள் தேய்ந்துவிட்டன.

மிஞ்சுகிற சில நாட்களையும் தில்லி அனுபவிக்க முடிவதில்லை. நவம்பரில் காற்று ஓய்ந்து, குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுகிறது. வாகனப் புகையும், பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் நெல் தாளின் புகையும் மேலே போக வழியில்லாமல் அதனுடனேயே கிடக்கின்றன. 2024 நவம்பரில் பல நாட்கள் தில்லிப் பள்ளிகளில் நேரடி வகுப்புகள் நிறுத்தப்பட்டன. பிள்ளைகள் வீட்டிலேயே, மூடிய ஜன்னலுக்குள் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். வெளியே குலாபி ஜாடா.